ரோயிங் மெஷினில் 150 வாட்: மீதி ஆற்றல் எங்கே போகிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஜிம்மில் உள்ள, படகில் துடுப்புப் போடுவது போல இழுக்கும் கான்செப்ட்2 ரோயிங் மெஷினில் 150 வாட்டில் இழுத்தால் மானிட்டர் மணிக்கு 816 கலோரி (உணவுக் கலோரி, அதாவது கிலோகலோரி) என்று காட்டுகிறது. 150 வாட் என்பது மணிக்கு 129 கிலோகலோரிதான். இரண்டையும் வகுத்தால் 16 சதவீதம்கூட வரவில்லை. சைக்கிளில் 20 சதவீதத்துக்கு மேல் வரும் என்கிறார்கள். கால், இடுப்பு, முதுகு, கை என்று உடம்பு முழுக்க வேலை செய்யும் விளையாட்டில் ஏன் இவ்வளவு குறைவு, இதைச் சரியாக அளப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

வகுத்தல் சரி, வகுத்த எண்தான் தப்பு. அந்த 816-ஐ மெஷின் அளக்கவே இல்லை. உங்கள் மூச்சும் அதற்குத் தெரியாது, எடையும் தெரியாது. முன்னால் இருக்கும் சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, நீங்கள் இழுக்காத நேரத்தில் எவ்வளவு சீக்கிரம் தளர்கிறது, இந்த இரண்டு மட்டும்தான் தெரியும். கலோரி வருவது ஒரு வாய்ப்பாட்டிலிருந்து. வாட்டை 4 ஆல் பெருக்கு, அதை மணிக்கான கிலோகலோரியாக மாற்ற 0.8604 ஆல் பெருக்கு, கடைசியில் 300 கூட்டு. 150-ஐப் போட்டுப் பாருங்கள், 816 வந்து நிற்கும். ஆக, பயனுறுதிறன் (எரித்த ஆற்றலில் வேலையாக வெளிவரும் பங்கு) இவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டுதான் மெஷின் கலோரி சொல்கிறது. நீங்கள் அந்தக் கலோரியை வைத்துப் பயனுறுதிறனைக் கண்டுபிடிக்கிறீர்கள். நாமே உண்டியலில் போட்ட காசை உடைத்து எண்ணி ஆச்சரியப்படுவது போலத்தான்.

ஆனாலும் அந்த வாய்ப்பாட்டைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அதற்குள்ளேயே இருக்கிறது. 4 ஆல் பெருக்குவது என்றால், சக்கரத்துக்குப் போகும் ஒவ்வொரு வாட்டுக்கும் உடம்பு 4 வாட் எரிக்கிறது, அதாவது 25 சதவீதம். கூட்டும் 300 என்பது சுமையே இல்லாவிட்டாலும் அந்த இருக்கையில் முன்னும் பின்னும் போய்வர ஆகும் செலவு. 175 பவுண்டு, நம் கணக்கில் 79 கிலோ எடையுள்ள ஆளை மனதில் வைத்துப் போட்ட எண் அது. 100 வாட்டில் இழுத்தால் மொத்தத்தில் 13.4 சதவீதம் வரும், 200 வாட்டில் 17.4, 300 வாட்டில் 19.4. ஆள் மாறவில்லை, தசை மாறவில்லை, நுட்பமும் மாறவில்லை. அந்த 300 என்ற வாடகையை அதிக வாட்டுகள் பகிர்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். 100 வாட்டில் இழுக்கும் புதியவரையும் 300 வாட்டில் இழுக்கும் வீரரையும் பக்கத்தில் வைத்து "பாருங்கள், வீரரின் திறன் எவ்வளவு அதிகம்" என்று சொல்லும் படங்களைப் பார்த்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லைப் பற்றி ஒரு வரி. பள்ளிப் பாடத்தில் பவருக்கும் திறன் என்றே படித்தோம், பேச்சில் எஃபிஷியன்சியையும் திறன் என்கிறோம். இந்த விஷயத்தில் இரண்டும் கலந்தால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் இங்கே வாட்டில் சொல்வது பவர், சதவீதத்தில் சொல்வது பயனுறுதிறன்.

சரி, நிஜமாக அளப்பது எப்படி? கீழே வைக்கும் எண்ணிலிருந்து தொடங்குவோம், அதாவது உடம்பு எரிக்கும் ஆற்றல். மனித உடலை ஒரு இயந்திரமாகப் பார்த்து அதன் பயனுறுதிறனை ஒழுங்காக அளக்கும் வேலையை பெனடிக்ட், கேத்கார்ட் என்ற இருவர் அமெரிக்காவில் கார்னெகி நிறுவனத்துக்காகச் செய்து 1913-ல் வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது சைக்கிள். ரோயிங் வீரர்களும் சீக்கிரமே ஆய்வகத்துக்கு வந்துவிட்டார்கள். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் படகில் தங்கம் வென்ற யேல் பல்கலைக்கழகக் குழுவை வைத்து ஹென்டர்சன், ஹாகார்ட் இருவரும் 1925-ல் மனித பவரின் உச்சம் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். (குழந்தை வளர்ப்பு பற்றி எழுதிப் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக் அந்தப் படகில் துடுப்புப் போட்டவர்களில் ஒருவர்.) அன்றைக்கு வெளிவிடும் மூச்சைப் பெரிய பையில் பிடித்து அளப்பார்கள். இன்றைக்கு முகமூடியும் ஒரு சின்னப் பெட்டியும் போதும். அடிப்படை மட்டும் மாறவில்லை: எவ்வளவு ஆக்சிஜனை உடம்பு எடுத்துக்கொண்டது, எவ்வளவு கார்பன் டை ஆக்சைடை வெளியே விட்டது.

ஒரு லிட்டர் ஆக்சிஜனுக்கு உடம்பு ஏறத்தாழ 20 முதல் 21 கிலோஜூல் எரிக்கிறது. கொழுப்பு எரிந்தால் கொஞ்சம் குறைவு, மாவுச்சத்து எரிந்தால் கொஞ்சம் அதிகம். எது எவ்வளவு எரிகிறது என்பதை வெளிவந்த கார்பன் டை ஆக்சைடுக்கும் உள்ளே போன ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம் காட்டிக்கொடுக்கும். 0.7 என்றால் முழுக்கக் கொழுப்பு, 1 என்றால் முழுக்க மாவுச்சத்து. விகிதம் 1-ஐத் தாண்டிவிட்டால் அந்தச் சோதனையைப் பயனுறுதிறனுக்குப் பயன்படுத்தக் கூடாது. ஆக்சிஜன் இல்லாமல் கிடைக்கும் ஆற்றலும் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அது முகமூடிக்குத் தெரியாது. கீழ் எண் உண்மையைவிடச் சிறியதாகி, பயனுறுதிறன் போலியாக ஏறும். 2000 மீட்டர் பந்தய வேகத்தில் அளந்த பயனுறுதிறன் என்று யாராவது எண் காட்டினால், ஆக்சிஜன் இல்லாத பங்கை எப்படிச் சேர்த்தீர்கள் என்று முதலில் கேளுங்கள்.

சோதனை நாளில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், சில ஆண்டுகள் ஆய்வகத்தில் முகமூடி மாட்டிவிடும் வேலை பார்த்தவன் நான். ஆளை உட்காரவைத்துப் பத்து நிமிடம் சும்மா மூச்சுவிடச் சொல்வோம், அது ஓய்வு அளவு. அப்புறம் குறைந்த வாட்டில் ஐந்து ஆறு நிமிடம், ஒரு இடைவெளி, அடுத்த படி. ஒவ்வொரு படியிலும் முதல் மூன்று நிமிடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டுக் கடைசி இரண்டு நிமிடச் சராசரியை மட்டும் எடுப்போம், உடம்பு நிலைப்பட அவ்வளவு நேரம் பிடிக்கும். நிமிடத்துக்கு எத்தனை இழுப்பு என்பதை, அதாவது தாளத்தை, கடைசிவரை ஒரே எண்ணில் வைத்திருக்க வேண்டும். இது ஏன் முக்கியம் என்று பின்னால் சொல்கிறேன்.

ரோயிங்கில் ஒரு தனித் தொல்லை உண்டு. இழுப்பின் தொடக்கத்தில் முழங்கால் மார்பை ஒட்டி வரும், தொடை வயிற்றை அழுத்தும், மூச்சுக்கு இடம் இருக்காது. அதனால் வீரர்கள் தாங்களே அறியாமல் மூச்சை இழுப்போடு பூட்டிக்கொள்வார்கள், ஒரு இழுப்புக்கு ஒரு மூச்சு அல்லது இரண்டு மூச்சு என்று. மூச்சுக்கு மூச்சு எண் துள்ளும். பத்து விநாடிச் சராசரி போட்டுப் பார்த்தால் ஆளுக்கு ஏதோ நோய் என்று நினைக்கத் தோன்றும்.

முகமூடிக் கதை ஒன்று. ஒருநாள் நடுத்தரமான ஒரு பையனுக்கு 29 சதவீதம் வந்தது. பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் பூரித்துப்போனார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. எந்தப் படிக்கும் மொத்தப் பயனுறுதிறன் 29 வராது, வந்தால் எங்கோ ஓட்டை. ஓட்டை மூக்குத்தண்டின் மேல் இருந்தது. முன்னால் குனியும்போதெல்லாம் வியர்வையில் முகமூடி ஒரு நூல் அளவு நழுவி, மூச்சில் ஒரு பங்கு பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்தது. பட்டையை இறுக்கி மறுபடி செய்ததில் 19 வந்தது. பயிற்சியாளர் முதல் எண்தான் சரி என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்போது மாதிரிக்கு ஒரு ஆளை எடுத்துக்கொள்வோம். எண்கள் நான் விளக்கத்துக்காக வைப்பவை, ஆனால் நிஜத்தில் வரக்கூடியவைதான். 200 வாட்டில் நிமிடத்துக்கு 2.9 லிட்டர் ஆக்சிஜன், வாயு விகிதம் 0.91. லிட்டருக்கு 20.65 கிலோஜூல் வைத்தால் நிமிடத்துக்கு 59.9 கிலோஜூல், 60 ஆல் வகுத்தால் 998 வாட். 200-ஐ 998 ஆல் வகுத்தால் 20 சதவீதம். இது மொத்தப் பயனுறுதிறன். சும்மா உட்கார்ந்திருக்கவே அந்த ஆளுக்கு 100 வாட் தேவை, அதைக் கழித்துவிட்டு வகுத்தால் 22.3 சதவீதம், இது நிகரம். கைப்பிடியைத் தொடாமல் அதே தாளத்தில் இருக்கையில் போய்வரச் சொல்லி அளந்தால் 305 வாட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம், அதைக் கழித்தால் 28.9 சதவீதம். கடைசியாக, 100 வாட்டில் அவர் எரித்தது 598 வாட் என்றால், பவர் 100 கூடியதற்குச் செலவு 400 கூடியிருக்கிறது, அப்படிப் பார்த்தால் 25 சதவீதம்.

ஒரே ஆள், ஒரே நாள், ஒரே மெஷின். 20, 22, 29, 25. நான்கும் பொய்யில்லை. ஜப்பானில் புகுநாகா குழுவினர் 1986-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான், மொத்தமாகப் பார்த்தால் 17.5 அளவில் இருந்தது, சுமையில்லா அசைவைக் கழித்ததும் 27-ஐத் தாண்டியது. இந்த நான்கில் எது சரி என்று அடித்துக்கொள்வது உடலியங்கியலில் பழைய வழக்கு. காஸ்ஸர், புரூக்ஸ் இருவரும் 1975-ல் சைக்கிளை வைத்து அதை விரிவாக அலசியிருக்கிறார்கள்.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். சுமையில்லாமல் போய்வருவதைக் கழிக்கும் முறை ரோயிங்குக்குப் பொருந்தாது. காரணம் மெஷினில் உட்கார்ந்து பார்த்தால் உடனே தெரியும். சாதாரணமாக இழுக்கும்போது பின்னால் பாயும் உடம்பைக் கடைசியில் நிறுத்துவது கைப்பிடிதான். கை மடங்கி இழுக்கும்போது சங்கிலி எதிர்க்கிறது, அந்த எதிர்ப்பில் உடம்பு நிற்கிறது. கைப்பிடியைத் தொடாமல் போய்வந்தால் பின்னால் போன உடம்பைக் கால் பட்டையும் வயிற்றுத் தசையும்தான் பிடித்து நிறுத்த வேண்டும். அது வேறொரு அசைவு, வேறொரு செலவு. இங்கே நடக்காத ஒரு செலவை அங்கே அளந்துவந்து கழிக்கிறோம்.

இங்கிருந்துதான் உங்கள் "முழு உடம்பு" கேள்வி சூடு பிடிக்கிறது. ஆக்சிஜனை எல்லாரும் பார்த்துப் பார்த்து அளக்கிறார்கள். மேலே வைக்கும் எண்ணை, அதாவது வெளிவரும் பவரை, மெஷின் திரையில் பார்த்து அப்படியே எழுதிக்கொள்கிறார்கள். அந்த எண் சக்கரத்துக்குள் போன பவர் மட்டும்தான். கைப்பிடியைத் திரும்ப முன்னால் இழுத்துப்போக உள்ளே ஒரு ரப்பர் கயிறு இருக்கிறது. ஒவ்வொரு இழுப்பிலும் அதையும் சேர்த்து இழுக்கிறீர்கள். மானிட்டர் கணக்கில் அது கிடையாது. 2006-ல் வெளியான ஒரு பிரெஞ்சு ஆய்வில் கைப்பிடியில் விசை உணரியைப் பொருத்திப் பார்த்தார்கள், திரை காட்டியது சுமார் 25 வாட் குறைவாக இருந்தது. நாம் மாதிரிக்கு எடுத்த ஆளுக்கு 200 என்பதை 225 ஆக்கினால் மொத்தப் பயனுறுதிறன் 20-லிருந்து 22.5-க்குத் தாவும். திரை விட்டுவிட்ட 25 வாட்டால் வந்த தாவல் இது! இந்த மாறாத பிழை 100 வாட்டிலும் 200 வாட்டிலும் ஒரே அளவு என்றால், வித்தியாசத்தை வைத்துக் கணக்கிடும் முறையில் அது தானாக அடிபட்டுப்போகும். நான்காவது முறையின் மேல் எனக்கு இருக்கும் பிரியத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

கயிற்றைவிடப் பெரியது உடம்பு. 80 கிலோ ஆள் இழுப்பின் நடுவில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் பின்னால் போகிறார் என்றால் அந்த உடம்பில் 40 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. முன்னால் திரும்பி வரும்போது இன்னொரு தடவை. நிமிடத்துக்கு 30 இழுப்பில் இது மலிவான விஷயமில்லை. அந்த 40 ஜூல் எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. கைப்பிடி வழியாக உடம்பை நிறுத்தினால் அது சக்கரத்துக்குப் போய்விடும், நட்டமில்லை. பின்னால் சாய்ந்து விழுந்து கால் பட்டையில் தொங்கி நின்றால் தசைக்குள் வெப்பமாகப் போய்விடும். பயிற்சியாளர்கள் பட்டையை அவிழ்த்துவிட்டு இழுக்கச் சொல்வதற்குப் பின்னால் இருக்கும் இயற்பியல் இதுதான். பட்டை இல்லாமல் பின்னால் விழாமல் இழுக்கப் பழகியவர், அந்த 40 ஜூலைக் கைப்பிடிக்குக் கொடுக்கப் பழகிவிட்டார்.

முன்னால் திரும்பி வரும் பாதியில் உடம்பை நிறுத்துவது தொடைத் தசை. நீண்டுகொண்டே தடுக்கும் வேலை அது, அதற்கு எதிர்மறை வேலை என்று பெயர். அது எவ்வளவு மலிவு என்பதை ஆபட், பிக்லேண்ட், ரிச்சி மூவரும் 1952-ல் அழகாகக் காட்டினார்கள். இரண்டு சைக்கிளை முதுகோடு முதுகாக வைத்துச் சங்கிலியால் இணைத்தார்கள். ஒருவர் முன்னோக்கி மிதிக்க, மற்றவர் அதைத் தடுக்க வேண்டும். விசை ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான், ஆனால் தடுப்பவர் எரித்த ஆக்சிஜன் மிதித்தவரைவிட மிகவும் குறைவு. ரோயிங்கில் முன்னால் வந்து நிற்கும் ஆற்றலில் ஒரு பங்கு தசைநாணில் சுருள்வில் போலச் சேர்ந்து அடுத்த இழுப்புக்குத் திரும்பவும் கிடைக்கும். உடலெங்கும் புள்ளி ஒட்டி, கேமராவில் பிடித்து, மூட்டு மூட்டாக பவரைக் கணக்கிட்டு இதைப் பிரித்தெடுக்கப் பார்க்கிறார்கள். ஒரு மூட்டில் கழிந்ததை இன்னொரு மூட்டில் கூடியதோடு ஈடுகட்டலாமா கூடாதா என்று நீங்கள் எடுக்கும் முடிவைப் பொறுத்து விடை மாறும். அந்த முடிவை எடுத்த வாக்கியத்தைக் கட்டுரையில் தேடிப் படித்துவிட்டுத்தான் நான் எண்ணைப் பார்ப்பேன்.

தாளத்தை ஒரே எண்ணில் வைக்கச் சொன்னதன் காரணமும் இதுதான். உடம்பு போய்வரும் செலவு தாளத்தோடு ஏறும். தாளம் மாறாமல் சுமை மட்டும் மாறினால் அந்தச் செலவு இரண்டு படியிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும், கழிக்கும்போது போய்விடும். தாளமும் சேர்ந்து மாறினால் எது எதனால் கூடியது என்று சொல்ல முடியாது. வேடிக்கை என்னவென்றால், ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் ஹோஃப்மெய்ஸ்டர், வான் சூஸ்ட், டி கோனிங் மூவரும் 2009-ல் வெளியிட்ட ஆய்வில் தாளம் மாறியும் மொத்தப் பயனுறுதிறன் மாறவில்லை. வேகமான தாளம் தசையைத் திறனற்றதாக ஆக்குகிறது என்ற பழைய பேச்சு அத்தோடு வலுவிழந்தது.

இனி தண்ணீருக்குப் போவோம், இந்த விஷயத்தின் சுவையே அங்கேதான். மெஷின் தரையில் நிற்கிறது, நீங்கள் ஆடுகிறீர்கள். படகில் கதை தலைகீழ். ஒற்றையாள் பந்தயப் படகின் குறைந்தபட்ச எடை 14 கிலோ, ஆள் 80 கிலோ. கனமான பொருள் ஆள்தான். நீங்கள் இருக்கையில் பின்பக்கம் போவதாக நினைக்கும்போது உண்மையில் படகுதான் உங்களுக்குக் கீழே முன்னும் பின்னும் ஓடுகிறது. ஆளும் கருவியும் ஒன்றையொன்று தள்ளும்போது ஆட்டத்தில் சிக்கும் நிறை எவ்வளவு என்று சின்னக் கணக்குப் போடலாம். தரையில் நிற்கும் மெஷினில் 80 கிலோ. 26 கிலோ மெஷினை அதன் கீழ் உருளும் தண்டவாளத்தில் வைத்தால் ஏறத்தாழ 20 கிலோ. துடுப்பும் சேர்த்து 17 கிலோ வரும் படகில் 14 கிலோ. காலும் பாதமும் முழுதாக ஆடுவதில்லை என்பதால் இது தோராயம்தான், ஆனாலும் விகிதம் பாருங்கள். தரை மெஷினில் அளந்த "போய்வரும் செலவை" படகுக்கு அப்படியே தூக்கிப்போக முடியாது.

படகில் ஆட்டம் குறைவு, அதற்கு வேறு விலை உண்டு. படகின் வேகம் ஒரு இழுப்புக்குள்ளேயே ஏறி இறங்குகிறது. பலருக்கு நம்பமுடியாத விஷயம்: படகு அதிக வேகத்தில் ஓடுவது துடுப்பு தண்ணீரில் இருக்கும்போது அல்ல, துடுப்பு வெளியே இருக்க, ஆள் இருக்கையில் பின்முனைப் பக்கம் நகரும்போதுதான். கால் பலகையைக் காலால் தன் பக்கம் இழுத்துப் படகை முன்னால் ஓட்டுகிறார். தண்ணீரின் தடையை வெல்ல ஆகும் பவர் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். அதனால் ஒரே சீராகப் போவதைவிட ஏறி இறங்கிப் போவது செலவு அதிகம். சராசரியைவிட 20 சதவீதம் மேலும் கீழும் அலையும் படகுக்கு, அலைவு சைன் வளைவு போல இருக்கிறது என்று வைத்தால், 6 சதவீதம் கூடுதல் பவர் ஆகிறது. இதை ஒழிக்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆள் அசையாமல் உட்கார, துடுப்புத் தாங்கியும் கால் பலகையும் மட்டும் நகரும் படகு. நகரும் பொருள் இலேசானது, படகு சீராகப் போகும். மேற்கு ஜெர்மனியின் பீட்டர்-மிக்கேல் கோல்பே 1981-ல் அப்படிப்பட்ட படகில் உலகப் பட்டம் வென்றார். அடுத்த இரண்டே ஆண்டில் மற்றவர்களும் அதற்கே மாறினார்கள், சர்வதேச ரோயிங் சம்மேளனம் தடைபோட்டுவிட்டது. பயனுறுதிறன் ஆய்வு ஒன்று பதக்கமாக மாறி, உடனே சட்டவிரோதமும் ஆன கதை வேறெந்த விளையாட்டிலும் இவ்வளவு சுத்தமாகக் கிடைக்குமா தெரியவில்லை.

இப்போது படகில் பவர் அளக்கத் துடுப்புத் தாங்கியிலேயே உணரி வந்துவிட்டது. துடுப்பின் மேல் விசை, துடுப்பு சுழலும் வேகம், இரண்டையும் பெருக்கினால் பவர். கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன காட்சியை மறுபடி பாருங்கள். துடுப்பு காற்றில் இருக்கும்போது ஆள் காலால் படகை இழுத்து ஓட்டினார் அல்லவா, அந்த வேலை துடுப்பு வழியாகப் போகவே இல்லை. அதே ஆம்ஸ்டர்டாம் குழுவினர் 2018-ல் இதைத்தான் எழுதினார்கள்: துடுப்பை மட்டும் பார்த்து ரோயிங் பவரைக் கணக்கிடக் கூடாது. விடுபடும் பங்கு சராசரி பவரில் சுமார் 12 சதவீதம் என்று வந்தது. பயனுறுதிறனைக் கணக்கிட்டுவிட்டு ஆளைக் குறைசொல்வதற்கு முன் இந்த 12 சதவீதத்தை நினைவில் வையுங்கள், அது ஆளுடைய குறையே இல்லை.

துடுப்புக்குப் போன பவரும் முழுதாகப் படகுக்கு வராது. துடுப்பின் அலகு தண்ணீரில் கொஞ்சம் வழுக்கும், தண்ணீரைக் கலக்கும், அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். எல்லாவற்றையும் ரூபாயில் சொன்னால், உடம்பு 100 ரூபாய்க்கு எரிபொருள் எரிக்கிறது. தசையைத் தாண்டி வேலையாக வெளியே வருவது 20 ரூபாய். அலகைத் தாண்டுவது 16 ரூபாய். வேக ஏற்ற இறக்கத்தில் இன்னொரு ரூபாய் போனால், படகை அந்தச் சராசரி வேகத்தில் ஓட்டக் கையில் நிற்பது 15 ரூபாய். தொழில்நுட்பப் பயிற்சி என்று வீரர்கள் காலை ஐந்து மணிக்கு எழுந்து செய்வதெல்லாம் பெரும்பாலும் அந்தக் கடைசி ஐந்து ரூபாயைப் பற்றித்தான். முதல் 80 ரூபாயை யாரும் பெரிதாக அசைக்க முடியாது. சாப்பாட்டு ஆற்றலைத் தசை பயன்படுத்தும் பொருளாக மாற்றும்போது ஒரு பங்கும், அதைச் சுருக்கமாக மாற்றும்போது இன்னொரு பங்கும் வெப்பமாகப் போவது தசையின் வேதியியல், கால் தசைக்கும் கைத் தசைக்கும் பொது.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். நிறையத் தசை வேலை செய்தால் மொத்த பவர் கூடும், எரியும் ஆக்சிஜன் கூடும், இதயத்துக்கு வேலை கூடும். விகிதம் கூட எந்தக் காரணமும் இல்லை. கொஞ்சம் குறையத்தான் காரணங்கள் உண்டு. சைக்கிளில் இடுப்புக்கு மேல் உடம்பு ஏறக்குறைய சும்மா இருக்கிறது. கால் சுற்றிக்கொண்டே இருப்பதால் நின்று திரும்ப வேண்டியதில்லை. ரோயிங்கில் ஒவ்வொரு இழுப்பிலும் இரண்டு முறை நின்று திரும்புகிறீர்கள். கால் தள்ளும் விசையைக் கைக்குக் கடத்த முதுகு விறைத்து நிற்க வேண்டும், விரல்கள் பிடியை விடாமல் இருக்க வேண்டும். நீளம் மாறாமல் இறுகி நிற்கும் தசை ஆற்றலை எரிக்கிறது, வேலைக் கணக்கில் பூஜ்யம். இவற்றை எல்லாம் வைத்துப் பார்த்தால் சைக்கிளைவிட இரண்டு மூன்று சதவீதம் குறைவாக வருவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அதிலும் ஒரு பங்கு ரப்பர் கயிறு போல மேல் எண்ணில் விடுபட்டதால் வரும் தோற்றம்தான்.

நீங்கள் செய்யக்கூடியது என்று பார்த்தால், மானிட்டர் கலோரியை எடைக்குத் திருத்திக்கொள்ள அந்த நிறுவனமே வழி கொடுத்திருக்கிறது: காட்டும் எண்ணில் 300-ஐக் கழித்து, பவுண்டில் உங்கள் எடையை 1.714 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள். 62 கிலோ ஆளுக்கு 816 என்பது 750 ஆகும். சாப்பாட்டுக் கணக்குக்கு அது போதும். பயனுறுதிறனுக்கு உதவாது, ஏன் என்று மேலே சொல்லிவிட்டேன்.

ஆய்வகம் இல்லாமல் முன்னேற்றம் பார்க்க வேண்டும் என்றால் பயனுறுதிறனை விட்டுவிட்டு நாடித்துடிப்பைப் பிடியுங்கள். டாம்பரை (சக்கரத்துக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) ஒரே இடத்தில் வைப்பதைவிட மானிட்டரில் டிராக் ஃபாக்டரை (சக்கரம் எவ்வளவு சீக்கிரம் தளர்கிறது என்று காட்டும் எண்ணை) பார்த்து ஒரே எண்ணில் வையுங்கள், சக்கரக் கூண்டில் தூசி அடைத்தால் டாம்பர் பொய் சொல்லும். நிமிடத்துக்கு 20 இழுப்பு, 150 வாட், 500 மீட்டருக்கு 2 நிமிடம் 12 விநாடி சொச்சம் வரும். பத்து நிமிடம் இழுத்துக் கடைசி மூன்று நிமிட நாடித்துடிப்பின் சராசரியை எழுதிவையுங்கள். மூன்று வாரம் கழித்து அதே நேரம், அதே அறை, காபி குடித்ததும் குடிக்காததும் உட்பட எல்லாம் அதேபோல். துடிப்பு ஐந்தாறு குறைந்திருந்தால் இதயம் தேறியிருக்கலாம், நுட்பம் தேறியிருக்கலாம், இந்தச் சோதனையால் இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்தே ஆக வேண்டும் என்றால் ஒருநாள் பட்டையை அவிழ்த்துவிட்டு அதே 150 வாட், அதே 20 இழுப்பில் பத்து நிமிடம் முயன்று பாருங்கள். பட்டையோடு இழுத்ததற்கும் இதற்கும் துடிப்பில் பெரிய வித்தியாசம் வந்தால், அந்த 40 ஜூல் இன்னும் பட்டைக்குத்தான் போய்க்கொண்டிருக்கிறது.